"அந்தரமாக் கிடக்கு" எண்டதை மெஷினுக்கு எப்பிடிச் சொல்றது?



இந்த வார எபிசோடில் ஐசியூ மெஷின்களைப் பற்றிக் கதைத்தோம். கேட்டவர்களுக்குத் தெரியும், மாஸ்க் பற்றிய பகுதி வந்ததும் நான் கொஞ்சம் அவசரமாக அடுத்த விஷயத்துக்குத் தாவிவிட்டேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. மைக்குக்கு முன்னால் சொல்ல வரேல்லை, எழுதினால் வரும் போல இருக்கு. அதனால் இந்த வாரக் கடிதம் வழமையைவிடக் கொஞ்சம் நீளம். தேத்தண்ணியோட இருந்து வாசியுங்கோ.

போன வருஷம் அப்பாவுக்கு பைபாஸ் செய்தார்கள். மூன்று அடைப்பு. லண்டனில் ஒரு ஆஸ்பத்திரி. ஒப்பரேஷன் நன்றாக முடிந்தது. அன்று இரவே தொண்டைக்குள் இருந்த குழாயையும் எடுத்துவிட்டார்கள். "எல்லாம் ஓகே" என்று வட்ஸ்அப் குரூப்பில் போட்டோம். மாமி உடனே கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்லிவிட்டா.

இரண்டாம் நாள் பின்னேரம் அப்பாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. முதலில் மூக்கில் பெரிய குழாய் வைத்தார்கள். அது போதவில்லை. பிறகு மூக்கையும் வாயையும் மூடுகிற மாஸ்க் ஒன்று வந்தது, பின்னால் ஒரு மெஷின். கொஞ்ச நேரத்தில் அப்பா மாஸ்க்கைக் கையால் தள்ளத் தொடங்கினார்.

அப்பா இங்கே வந்து 30 வருஷத்துக்கு மேல். கடை நடத்தியவர். ஆங்கிலத்தில் கவுன்சில்காரரோடு சண்டை பிடிப்பார், லொறிக்காரரோடு பகிடி விடுவார். ஆனால் அந்த மாஸ்க்குக்குள் இருந்து ஒரு ஆங்கிலச் சொல் வரவில்லை. தமிழ்தான் வந்தது.

"பிள்ளை, அந்தரமாக் கிடக்கு."

நேர்ஸ் என்னைப் பார்த்தா. நான் மொழிபெயர்த்தேன்: "ஹீ இஸ் அன்கம்ஃபர்டபிள்."

நல்ல நேர்ஸ். பட்டியைக் கொஞ்சம் தளர்த்தி விட்டா, தலையணையைச் சரிசெய்தா, அப்பாவின் கையைத் தடவினா. 'அசௌகரியம்' என்றால் வேறு என்ன செய்வது? அடுத்த இரண்டு மணித்தியாலமும் என்ன நடந்தது என்பதைக் கீழே சொல்கிறேன். அதற்கு முதல், அந்த மெஷின் என்ன செய்கிறது என்று விளங்க வேணும்.

இதயத்தைத் திருத்தினால் நுரையீரல் ஏன் கோவிக்குது?

இது எனக்கு முதலில் விளங்கவே இல்லை. இதயத்தில்தானே ஒப்பரேஷன்?

முதலாவது, பைபாஸ் என்றால் பெரும்பாலும் நெஞ்செலும்பை நடுவால் வெட்டித் திறக்கிறார்கள். முடிந்ததும் உருக்குக் கம்பியால் கட்டி மூடுகிறார்கள். அதற்குப் பிறகு ஆழமாக மூச்செடுத்தால் நோகும், இருமினால் இன்னும் நோகும். அதனால் ஆள் தன்னையறியாமலே சின்னச் சின்ன மூச்சாக எடுக்கத் தொடங்கும்.

இரண்டாவது, ஒப்பரேஷன் நடக்கும்போது பெரும்பாலும் இதய-நுரையீரல் மெஷின்தான் இரத்தத்தைச் சுற்றவும் வைக்கிறது, ஒட்சிசனும் ஏற்றுகிறது. இதை வைத்து முதல் வெற்றிகரமான திறந்த இதய ஒப்பரேஷனை 1953 மே 6 இல் ஃபிலடெல்ஃபியாவில் ஜோன் கிப்பன் செய்தார். அந்த நேரத்தில் நுரையீரலுக்கு வேலை இல்லை. காற்று இறங்கிச் சுருங்கிப் போய்க் கிடக்கும்.

மூன்றாவது, பைபாஸுக்கு அதிகம் பயன்படும் இரத்தக்குழாய் நெஞ்சின் இடப்பக்க உட்சுவரில் இருந்து எடுக்கப்படுவது. அதை எடுக்கும்போது இடது நுரையீரலைச் சுற்றியுள்ள உறையும் பல தடவை திறபடும். மூச்சுத் தசையான உதரவிதானத்துக்குப் போகும் நரம்பும் அந்தப் பக்கத்தால்தான் போகிறது, அதுவும் சில வேளை கொஞ்சம் மரத்துப் போகும்.

இதெல்லாம் சேர்ந்தால் நுரையீரலின் அடிப்பகுதியில், அதிலும் இடது பக்கத்தில், காற்றுப்பைகள் ஒட்டிப் போகின்றன. பலூனை முதன்முதல் ஊதும்போது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்தானே? பாதி ஊதின பலூனை இன்னும் ஊதுவது சுகம். முழுக்க ஒட்டிப் போனதைத் திறப்பதுதான் பாடு. மூச்சு ஆதரவு மெஷின்களின் அடிப்படை யோசனையே இதுதான்: காற்றுப்பைகளை முழுக்க ஒட்டிப் போக விடாதே.

மூன்று சாமான், மூன்று வேலை

தொண்டைக்குள் குழாய் விடாமல் மூச்சுக்கு உதவி செய்ய மூன்று வழி உண்டு.

ஒன்று, ஹை-ஃப்ளோ. சாதாரண மூக்குக் குழாயில் நிமிஷத்துக்கு 6 லீற்றர் வரைதான் ஒட்சிசன் கொடுப்பார்கள். அதற்கு மேல் போனால் மூக்கு காய்ந்து எரியும். ஹை-ஃப்ளோவில் காற்றை 37 பாகை வரை சூடாக்கி, ஈரமாக்கி, நிமிஷத்துக்கு 50, 60 லீற்றர் அனுப்பலாம். சாப்பிடலாம், கதைக்கலாம்.

இரண்டு, சீபாப். மூச்சு உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் ஒரே அழுத்தம். அளவு சொல்வது 'சென்ரிமீற்றர் நீர்' கணக்கில். 10 என்றால் எவ்வளவு? வீட்டில் செய்து பாருங்கோ: உயரமான கிளாஸில் தண்ணி விட்டு, ஸ்ட்ரோவை 10 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு இறக்கி, குமிழி வரும்வரைக்கும் ஊதுங்கோ. அவ்வளவுதான். வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. கேட்கச் சின்னதாக இருந்தாலும், ஒவ்வொரு மூச்சையும் அதற்கு எதிராக விட வேணும் என்று யோசித்துப் பாருங்கோ.

மூன்று, பைபாப். இதில் இரண்டு அழுத்தம். உள்ளே இழுக்கும்போது கூட, உதாரணமாக 12. வெளியே விடும்போது குறைய, உதாரணமாக 5. அதாவது நீங்கள் சைக்கிள் மிதிக்க, பின்னால் ஒருவர் சரியான நேரத்தில் தள்ளிவிடுகிற மாதிரி. களைத்துப்போன மூச்சுத் தசைக்கு இது ஓய்வு. இரத்தத்தில் காபனீரொட்சைட்டு (தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் இருக்கோ?) கூடினாலும் இதுதான் உதவும்.

இதயக்காரருக்கு இதில் இன்னொரு நன்மை. நெஞ்சுக்குள் அழுத்தம் கூடும்போது, பலவீனமான இடது இதயம் இரத்தத்தை வெளியே தள்ளுவது கொஞ்சம் சுகமாகிறது. ஆனால் உடம்பிலிருந்து இதயத்துக்குத் திரும்பி வரும் இரத்தம் குறையும், அதனால் பிரஷர் விழவும் கூடும். அதனால்தான் இதை 'சும்மா மாஸ்க்' என்று நினைத்துப் போட்டுவிட்டுப் போக முடியாது.

எல்லாம் வக்யூம் கிளீனரில் தொடங்கினது

டெக் பொட்காஸ்ட் என்றால் இந்தப் பகுதி இல்லாமல் எப்படி.

1928 இல் ஹார்வர்டில் ஃபிலிப் டிரிங்கரும் லூயிஸ் ஷோவும் 'இரும்பு நுரையீரல்' என்ற பெட்டியைச் செய்தார்கள். நோயாளியின் தலை மட்டும் வெளியே. பெட்டிக்குள் காற்றை உறிஞ்சினால் நெஞ்சு விரியும், மூச்சு உள்ளே போகும். அதன் காற்றுப் பம்புகள் வக்யூம் கிளீனரில் இருந்து எடுத்தவை.

அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு கழித்து, சிட்னியில் கொலின் சலிவன் என்ற டொக்டர் நித்திரையில் மூச்சு நிற்கிறவர்களுக்கு மூக்கு வழியாக அழுத்தக் காற்று கொடுத்துப் பார்த்தார். அவர் எடுத்ததும் வக்யூம் கிளீனர் மோட்டார்தான், இழுக்கிறதை ஊத வைத்தார். 1981 இல் 'லான்செற்' இதழில் ஐந்து நோயாளிகளைப் பற்றி எழுதினார். இன்று உங்கள் பெரியப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிற சீபாப் மெஷின் அதன் பேரப்பிள்ளை.

இன்னொன்று எங்கட வீட்டுக்குப் பக்கத்திலேயே நடந்தது. 2020 மார்ச்சில் கோவிட் வந்தபோது, லண்டன் யூசீஎல் பொறியியலாளர்களும் அங்கத்தைய ஆஸ்பத்திரி டொக்டர்மாரும் ஃபோர்முலா 1 கார் எஞ்சின் செய்கிற மெர்சிடிஸ் ஆட்களும் சேர்ந்து, பழைய சீபாப் கருவி ஒன்றைக் கழற்றிப் பார்த்துத் திரும்ப வடிவமைத்தார்கள். முதல் கூட்டத்தில் இருந்து முதல் கருவி வரை 100 மணித்தியாலத்துக்கும் குறைவு. பெயர் 'வென்ச்சூரா'. 10,000 செய்து கொடுத்தார்கள், வரைபடத்தையும் உலகத்துக்கு இலவசமாக விட்டார்கள்.

வேலை செய்யுதா?

கதை நன்றாக இருக்கிறது என்பதற்காக நம்பக் கூடாது, ஆய்வு என்ன சொல்லுது என்று பார்ப்போம்.

2009 இல் 'செஸ்ட்' இதழில் வந்த ஆய்வு. இதய ஒப்பரேஷன் முடிந்த 500 பேர். ஒரு பகுதியினருக்கு, பிரச்சினை வரமுன்னமே, மூக்கு மாஸ்க்கால் 10 சென்ரிமீற்றர் அழுத்தத்தில் குறைந்தது 6 மணித்தியாலம் சீபாப். அவர்களுக்கு நிமோனியா, ஒட்சிசன் குறைவு, திரும்பக் குழாய் விடுவது போன்ற சிக்கல்கள் குறைந்தன.

2015 இல் 'ஜாமா' இதழில் பிரான்சின் 6 ஐசியூக்களில் நடந்த ஆய்வு. இதய, நெஞ்சு ஒப்பரேஷன் முடிந்த 830 பேர். பாதிப் பேருக்கு ஹை-ஃப்ளோ, பாதிப் பேருக்கு பைபாப். சிகிச்சை பலிக்காமல் போனது ஹை-ஃப்ளோவில் 21.0 வீதம், பைபாப்பில் 21.9 வீதம். அதாவது ஏறக்குறைய ஒன்று. ஆனால் பைபாப் மாஸ்க் அழுத்தி முகத் தோல் புண்ணாவது கூட. அதனால் இன்று பல இடங்களில் முதலில் ஹை-ஃப்ளோவைத்தான் போட்டுப் பார்க்கிறார்கள். அப்பாவுக்கும் அப்படித்தான்.

இனி பயப்படுத்துகிற ஆய்வு. 2004 இல் 'நியூ இங்கிலண்ட்' மருத்துவ இதழில் வந்தது. இது இதயக்காரருக்கு மட்டும் உரிய ஆய்வு இல்லை. குழாய் எடுத்த பிறகு மூச்சு தவறிப்போன ஐசியூ நோயாளிகள் 221 பேர். மாஸ்க் மெஷின் போட்டவர்களில் 25 வீதம் ஐசியூவில் இறந்தார்கள். வழமையான சிகிச்சையில் 14 வீதம்.

மெஷினா கொன்றது? ஆய்வாளர்கள் காட்டியது நேரத்தை. மூச்சு தவறியதில் இருந்து திரும்பக் குழாய் விடும் வரைக்கும், வழமையான சிகிச்சையில் இடைநடு நேரம் இரண்டரை மணித்தியாலம். மாஸ்க் போட்டவர்களில் 12 மணித்தியாலம். 'மாஸ்க் இருக்குத்தானே, பார்ப்பம்' என்று காத்திருப்பதில்தான் ஆபத்து இருக்கலாம். மாஸ்க் உதவி செய்யும், ஆனால் அது சரிவரவில்லை என்றால் அதைச் சீக்கிரம் கண்டுபிடிக்க வேணும். கண்டுபிடிக்க என்ன தேவை? இரத்தப் பரிசோதனை, கண்காணிப்பு, அதோடு நோயாளி சொல்வது.

இப்ப அந்த இரண்டு மணித்தியாலத்துக்கு வருவோம்.

"நான் விடப் பாக்கிறன், அது விடுதில்லை"

பட்டி தளர்ந்ததும் அப்பா கொஞ்சம் அமைதியானார். அல்லது களைத்துப் போனார், எனக்கு அப்ப வித்தியாசம் தெரியாது. திரும்ப இரத்தம் எடுத்துப் பார்த்தபோது காபனீரொட்சைட்டு கூடியிருந்தது. டொக்டர் வந்து, இப்படியே போனால் திரும்பக் குழாய் விட வேண்டி வரலாம் என்றார். அம்மா கதிரையில் இருந்துவிட்டா.

அந்த நேரம் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் வந்தார். மெஷினில் ஓடுகிற அலைக்கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "அப்பா சொல்வதைச் சுருக்க வேண்டாம். அவர் சொல்ற மாதிரியே சொல்லுங்க. உள்ளே இழுப்பது கஷ்டமா, வெளியே விடுவது கஷ்டமா, இல்லாட்டி மாஸ்க் பயமா என்று மூன்றையும் தனித்தனியாக் கேளுங்க."

கேட்டேன். ஒவ்வொன்றாக. தலையாட்டினால் போதும் என்றேன். அப்பா மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கி, விட்டு விட்டுச் சொன்னார்.

"இழுக்கிறது பிரச்சினையில்லை. நான் மூச்சை விடப் பாக்கிறன்... அது விடுதில்லை. இன்னும் தள்ளிக்கொண்டு நிக்குது."

நான் அதை அப்படியே சொன்னேன். பிசியோ தலையாட்டினார். அலைக்கோட்டில் அவர் பார்த்ததும் அதுதான்.

இதுதான் நடந்தது. நீங்கள் மூச்சை இழுக்கத் தொடங்கியதை பைபாப் எப்படி அறிகிறது? காற்றோட்டத்தை வைத்து. இழுத்து முடித்ததை? அதையும் காற்றோட்டத்தை வைத்துத்தான். நுரையீரல் நிரம்ப நிரம்ப ஓட்டம் குறையும். உச்சத்தில் இருந்த அளவில் கால்வாசிக்கு இறங்கினால், 'சரி, ஆள் இழுத்து முடிச்சிட்டார்' என்று மெஷின் தீர்மானித்து அழுத்தத்தைக் குறைக்கும். பெரும்பாலும் இதுதான் கணக்கு.

இப்போது மாஸ்க்கின் ஓரத்தால் காற்று ஒழுகினால்? மெஷின் அனுப்புகிற காற்று வெளியே போய்க்கொண்டே இருக்கும். ஓட்டம் கால்வாசிக்கு இறங்காது. ஆள் இன்னும் இழுக்கிறார் என்று நினைத்து மெஷின் தொடர்ந்து தள்ளும். நோயாளியோ விடப் பார்க்கிறார். ஒருவர் உள்ளே வர, மற்றவர் வெளியே போக, இரண்டு பேரும் ஒரே கதவில்.

ஒழுகினது எங்கே? அப்பாவின் மீசைக்கு மேலால். அந்தப் பெரிய மீசை ஊரில் இருந்து வந்தது, கலியாணப் படத்திலும் இருக்கிறது. அதற்கு மேல் நான் செய்த மொழிபெயர்ப்பால் பட்டியும் தளர்ந்து, ஒழுக்கு இன்னும் கூடியிருந்தது.

மூன்று விஷயம் செய்தார்கள். வேறு அளவு மாஸ்க் மாற்றினார்கள். ஒரு மூச்சை மெஷின் எவ்வளவு நேரம் தள்ளலாம் என்பதற்கு ஒரு எல்லை வைத்தார்கள். மூன்றாவதை நேர்ஸ் கொஞ்சம் தயங்கித்தான் கேட்டா: மீசையை எடுக்கலாமா? அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா "எடுங்கோ" என்றா. அவ்வளவுதான்.

இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு எடுத்த இரத்தத்தில் காபனீரொட்சைட்டு இறங்கியிருந்தது. அடுத்த நாள் காலமை ஹை-ஃப்ளோவுக்கு மாறினார். குழாய் திரும்பப் போடவில்லை.

நான் செய்தது பெரிய பிழையா? டொக்டர் "இல்லை, இது எல்லாருக்கும் நடக்கிறது" என்றார். ஆனால் எனக்குத் தெரியும், 'அந்தரம்' எனக்கு வீட்டுச் சொல். பஸ் பிந்தினாலும் அந்தரம், விருந்தாளி வர முதல் சோறு வேகாட்டியும் அந்தரம். அந்தப் பழக்கத்தில் அதைச் சின்னச் சொல்லாக மாற்றிவிட்டேன். அப்பா சொன்னது அதைவிடப் பெரிது.

விரலில் மாட்டுகிற கிளிப் பற்றி ஒரு சொல்

எங்கட நிறத்துக்குச் சம்பந்தமான விஷயம் ஒன்று. விரலில் மாட்டி ஒட்சிசன் அளவைக் காட்டுகிற கிளிப், தோலினூடாக ஒளியை விட்டு அளக்கிறது. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் இருந்து வந்த ஆய்வு ஒன்று, கிளிப் 92 முதல் 96 வரை காட்டியவர்களின் இரத்தத்தை நேரடியாகப் பரிசோதித்ததை ஒப்பிட்டது. உண்மையில் 88க்குக் கீழே இருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 வீதம், கறுப்பினத்தவரில் 11.7 வீதம். பிரித்தானியாவில் 2024 மார்ச்சில் வெளிவந்த, மருத்துவக் கருவிகளின் சமத்துவம் பற்றிய சுயாதீன அறிக்கையும் இந்தக் கிளிப்பைப் பற்றி எச்சரித்தது.

கிளிப் பொய் என்று அர்த்தம் இல்லை, கழற்றச் சொல்லாதேங்கோ. ஆனால் நம்பர் நன்றாக இருக்கிறது, ஆள் நன்றாக இல்லை என்றால், "இரத்தத்தில் பார்த்தீங்களா?" என்று கேட்பது நியாயமான கேள்வி.

எங்கட கையில் என்ன இருக்கு?

எங்களில் பல பேர் ஒரு நாள் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கப் போகிறோம். தெற்காசியருக்கு இதய நோய் கூட, இளவயதிலேயே வருகிறது என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் நான் கற்றுக்கொண்டது இது.

ஒப்பரேஷனுக்கு முதலே அம்மா அப்பாவிடம் கேளுங்கோ: மூச்சு வாங்குது, மூச்சு முட்டுது, இளைக்குது, அடைக்குது, அந்தரமாக் கிடக்கு... எதற்கு எந்தச் சொல் பாவிப்பீங்கள் என்று. ஒரு பேப்பரில் எழுதி, பக்கத்தில் ஆங்கிலமும் எழுதிக் கட்டிலடியில் வையுங்கோ. நேர்ஸ்மாருக்கு அது பெரிய உதவி.

மாஸ்க் எப்படி இருக்கும் என்று முதலே படம் காட்டுங்கோ. மீசை, தாடி, கட்டுப்பல் பற்றி டொக்டரிடம் முதலே சொல்லுங்கோ.

ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளர் கேட்க வெட்கப்படாதேங்கோ. நீங்கள் பிள்ளையாக இருக்கவும் வேணும், மொழிபெயர்ப்பாளராகவும் இருக்க வேணும் என்றால் இரண்டும் அரைகுறையாகும்.

நீங்கள்தான் சொல்ல வேண்டி வந்தால், சுருக்காமல் சொல்லுங்கோ. சத்தி வருது, வயிறு ஊதுது, நித்திரை மயக்கமாக் கிடக்கு என்று அவர்கள் சொன்னால் உடனே சொல்லுங்கோ. மாஸ்க் போட்டிருக்கிறவர் சத்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் போகலாம், அளவுக்கு மீறிய மயக்கம் காபனீரொட்சைட்டு ஏறுவதன் அறிகுறியாகவும் இருக்கலாம்.

மெஷின் கழன்ற பிறகும் வேலை முடியவில்லை. தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமுவது, எழும்பி இருப்பது, நடப்பது, ஆழமாக மூச்செடுப்பது. ஒட்டிப்போன பலூனை கடைசியில் திறக்கிறது அவர்கள்தான். "அவரை விடு, நோகும்" என்று சொல்கிற சொந்தக்காரரை அன்பாக வெளியே கூட்டிக்கொண்டு போய் கன்ரீனில் தேத்தண்ணி வாங்கிக் குடுங்கோ.

அப்பா இப்ப சுகம். ஒவ்வொரு நாளும் பார்க்கில் நடக்கிறார், மீசையும் திரும்ப வந்துவிட்டது. போன கிழமை கேட்டேன், அன்றைக்கு அந்தரம் எண்டு சொன்னீங்களே, சரியான அர்த்தம் என்ன எண்டு. கொஞ்சம் யோசித்தார். "தண்ணிக்குள்ள நிக்கேக்க மேல வரவும் விடாமப் பிடிச்சால் எப்பிடி இருக்கும்? அது" என்றார். பிறகு, "நீ அதை என்னண்டு சொன்னனீ?" என்று கேட்டார்.

சொன்னேன். சிரித்தார். இருமல் வந்தது, பழக்கதோஷத்தில் தலையணையைத் தேடினார்.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு வீட்டுவேலை. வீட்டில் மூச்சுக்கு என்னென்ன சொல் பாவிக்கிறார்கள் என்று கேட்டு, இந்தக் கடிதத்துக்கே பதிலாக அனுப்புங்கோ. மட்டக்களப்பு, வன்னி, மலையகம், தமிழ்நாடு, மலேசியா, எந்த ஊர்ச் சொல்லாக இருந்தாலும் சரி. எல்லாவற்றையும் ஒரு பக்கமாகத் தொகுத்து, ஆங்கில விளக்கத்தோடு, யாரும் அச்செடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகக்கூடிய மாதிரி அடுத்த மாதம் அனுப்புகிறோம்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். அதுவரைக்கும் நல்லா மூச்செடுங்கோ.